பாயிர நெறியில் ஒரு மென்பொருள் : வேர்டுபிரசு பற்றிய திறனாய்வு

தோற்றுவாய்

நூலொன்றைக் கற்கப் புகுவோன் முதற்கண் அதன் பாயிரத்தை அறிதல் வேண்டும் என்பது தமிழ் மரபு. எத்துணை விரிந்த நூலாயினும் பாயிரம் இல்லாவிடின் அது நூலெனக் கொள்ளப்படாது என்பது பவணந்தியார் கருத்து. இயற்றியவர் யார், எவ்வழி வந்தது, எவ்வெல்லையில் வழங்குவது, பெயர் யாது, எம்முறையில் யாக்கப்பட்டது, எப்பொருளை நுவல்வது, யார் கேட்டற்குரியர், கேட்டலாற் பெறும் பயன் யாது என்னும் எட்டும் சிறப்புப் பாயிரத்தின் இலக்கணமாம். நூலுக்குக் கூறிய இந்நெறி, நூலை எழுதவும் வெளியிடவும் துணைநிற்கும் கருவிக்கும் பொருந்துமா என ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம்.

இன்று தமிழில் எழுதுவோர் பலர் அச்சகத்தை நாடாது இணையத்தின் வாயிலாகத் தம் எழுத்தை வெளியிடுகின்றனர். அதற்கு உதவும் கருவிகளுள் தலையாயது வேர்டுபிரசு என்னும் திறந்த மூல மென்பொருள். அதனைத் தொடக்க நிலையினர்க்கு அறிமுகம் செய்யும் கட்டுரைகளும் காணொளிகளும் தமிழிற் பல உள. அவற்றுட் பெரும்பாலானவை எப்பொத்தானை அழுத்தின் எது நிகழும் என்பதை நன்கு விளக்குகின்றன. ஆயின், கருவி யாருடையது, எழுதியது யாரிடம் தங்கும், எத்துணைக் காலம் நிற்கும் என்னும் வினாக்களை அவை எழுப்புவதில்லை. அஃதாவது, பாயிரமின்றியே நூலைத் தொடங்கிவிடுகின்றன. இக்குறை சிறிதன்று என்பதை இக்கட்டுரையாளன் தன் பட்டறிவாற் கண்டுள்ளான்.

2006-ஆம் ஆண்டில், ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில், திருவரங்கத்து வீதிப்பெயர்களைப் பற்றிச் சில குறிப்புகளை எழுதி இணையத்தில் வெளியிட்டேன். உத்தர வீதி, சித்திரை வீதி என்னும் பெயர்கள் வழங்கும் வகையும், அடையவளைந்தான் என்பது மக்கள் நாவில் அடையவளஞ்சான் எனத் திரிந்த வகையும் அவ்வீதிகளில் வாழ்ந்த முதியோர் சொல்லக் கேட்டு எழுதியவை அவை. இடமளித்த நிறுவனம் கட்டணம் ஏதும் பெறவில்லை. சில ஆண்டுகளில் அது தன் பணியை நிறுத்திவிட்டது. குறிப்புகளும் உடன் மறைந்தன. நகல் எடுத்து வையாதது எழுதியவன் பிழையே. ஆயினும், செய்தி சொன்ன முதியோருட் சிலர் இன்று இல்லை. அவர்பால் மீண்டும் கேட்டெழுதல் இயலாது. ஏட்டுச்சுவடிகள் செல்லுக்கும் நெருப்புக்கும் ஆற்று வெள்ளத்துக்கும் இரையான வரலாற்றை வகுப்பில் இரங்கி உரைக்கும் நாம், நம் கண்முன்னே அதனை மீண்டும் நிகழவிடலாமா? இவ்வினாவே இவ்வாராய்ச்சிக்குக் காரணமாயிற்று.

ஆக்கியோனும் வழியும்

2001-ஆம் ஆண்டில் மிசெல் வால்திரிகி என்னும் பிரெஞ்சு நிரலர் ‘பி2’ என்னும் பதிவு மென்பொருளை இயற்றினார். சில காலத்தின்பின் அதன் வளர்ச்சி தடைப்பட்டது. அதனைப் பயன்படுத்தி வந்த அமெரிக்க மாணவரான மாட் மல்லன்வெக், 2003 சனவரியில், அம்மென்பொருளை அடியாகக் கொண்டு புதியதொன்றைத் தொடரலாம் என்று தம் பதிவில் எழுதினார். இங்கிலாந்தைச் சார்ந்த மைக் லிட்டில், தாமும் துணைநிற்பதாக அதன்கீழ் மறுமொழி வரைந்தார். அவ்விருவர் முயற்சியால் 2003 மே 27-இல் வேர்டுபிரசின் முதற்பதிப்பு வெளிவந்தது. பின்னர் உலகெங்கிலுமுள்ள தன்னார்வலர் பலர் அதனை வளர்த்து வருகின்றனர். எனவே, ஆக்கியோன் ஒருவன் என்று கூறுதல் இதற்கு இயலாது. தொகுத்தோர் இன்னார் எனச் சுட்டி, பாடினோர் பலர் என உணரும் தொகைநூலின் நிலையே இதன் நிலையாம்.

நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாகப் பகுத்தனர் நம் முன்னோர். முன்னோர் முடிபை ஏற்றுத் தான் வேண்டும் வேறுபாட்டையும் அமைத்துச் செல்வது வழிநூல். பி2-ஐ முதலாகக் கொண்டு எழுந்த வேர்டுபிரசு இவ்விலக்கணத்திற்கு முற்றும் பொருந்துவதாகும். இத்தகைய வழிநூல் எழுதற்கு முதனூலாசிரியன் இசைவு வேண்டாவா எனின், அவ்விசைவு முன்னரே எழுத்தில் அளிக்கப்பட்டிருந்தது என்பதே விடை. ரிச்சர்டு சுடால்மன் 1983-இல் தொடங்கிய குனு இயக்கத்தின் பயனாய் 1989-இல் தோன்றிய பொது உரிமம், 1991-இல் இரண்டாம் பதிப்புப் பெற்றது. வேர்டுபிரசு வழங்குவது அவ்வுரிமத்தின்கீழ் ஆகும். மென்பொருளை எந்நோக்கத்திற்கும் இயக்கலாம்; அதன் மூல நிரலைக் கற்று மாற்றலாம்; பிறர்க்கு நகல் வழங்கலாம்; மாற்றியதையும் வழங்கலாம். ஒன்றே கட்டுப்பாடு: மாற்றி வழங்குவோர் தாம் பெற்ற உரிமையைப் பெறுவோர்க்கும் அளித்தல் வேண்டும்.

ஈண்டு ஒரு மயக்கத்தை நீக்குதல் இன்றியமையாதது. கட்டணமின்மை வேறு, கட்டின்மை வேறு. முன்னது விலையைப் பற்றியது. பின்னது உரிமையைப் பற்றியது. என் குறிப்புகள் மறைந்த இடம் கட்டணமற்றது, ஆனால் கட்டற்றதன்று. அதன் நிரலைப் பெற்று வேறோரிடத்தில் இயக்குதல் எவர்க்கும் இயலாதாயிற்று. 2004 மே மாதத்தில் ‘மூவபிள் டைப்’ என்னும் புகழ்பெற்ற பதிவு மென்பொருளை உடையார் தம் உரிம விதிகளை மாற்றிக் கட்டணத்தை மிகுத்தபோது, அதனைப் பயன்படுத்தியோர் பலர் வேர்டுபிரசுக்குப் பெயர்ந்தனர். உரிமத்தின் சொற்கள் எழுதுவோன் வாழ்வைத் தொடும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

எல்லை

தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தையும் குமரியையும் எல்லையாகக் கூறும். இம்மென்பொருளுக்கு நில எல்லை கூறுதல் அரிது. உலகிலுள்ள இணையத்தளங்களுள் 40 விழுக்காட்டிற்கு மேற்பட்டவை இதனைக்கொண்டே இயங்குகின்றன என்று கணக்கிடப்பட்டுள்ளது. ஆயினும் பயன்பாட்டெல்லை உண்டு. பிஎச்பி என்னும் நிரல்மொழியும், மைஎஸ்க்யூஎல் அல்லது அதனோடொத்த தரவுத்தளமும் அமைந்த வழங்கிக் கணிப்பொறியிலேயே இஃது இயங்கும். பாடவேறுபாடுகளை அடிதோறும் ஒப்பிட்டுக் காட்டும் சுவடிப் பதிப்பிற்கு இஃது ஏற்றதன்று. குறிப்பு, கட்டுரை, செய்தி, உரை, படம் ஆகியவற்றை நாள்முறையிலும் பொருள்முறையிலும் அடுக்கி வைத்தலே இதன் எல்லை.

பெயர்

சொல் என்றும் அச்சகம் என்றும் பொருள்படும் ஈராங்கிலச் சொற்கள் கூடி அமைந்தது வேர்டுபிரசு என்னும் பெயர். மல்லன்வெக்கின் தோழியாராகிய கிறிசுடீன் செலெக் இதனைத் தந்தார். நிரல் எவர்க்கும் உரியதாயினும் பெயர் அங்ஙனமன்று. அப்பெயரின் வணிகக் குறியுரிமை 2010 முதல் வேர்டுபிரசு அறக்கட்டளையிடம் உள்ளது. 2024-இல் மல்லன்வெக்கின் நிறுவனத்திற்கும் மற்றொரு நிறுவனத்திற்கும் எழுந்த வழக்கில் அவ்வுரிமையும் ஒரு பொருளாயிற்று. திறந்த மூலம் என்ற அளவில் எல்லாப் பூசலும் நீங்கிவிடும் எனக் கருதுதல் கூடாது.

இனி, இவ்வெழுத்து வகைக்கு நாம் இட்ட பெயரையும் நோக்குவோம். 1997-இல் யோர்ன் பார்கர் வழங்கிய ஆங்கிலப் பெயர் வலையில் எழுதும் நாட்குறிப்பு என்னும் பொருளது. கப்பலோட்டிகள் எழுதிவைக்கும் வழிக்குறிப்பேட்டின் பெயரே அதில் உள்ளது. தமிழில் வலைப்பூ, வலைப்பதிவு என இருபெயர் வழங்குகின்றன. முன்னது இனிய பெயரே. ஆயினும், பூ ஒருநாள் மலர்ந்து வாடுவது. பதிவு வைத்துக் காக்கப்படுவது. மூலச்சொல்லின் பொருளோடு இயைவதும், எழுதுவோன் கடமையை நினைவூட்டுவதும் பதிவு என்னும் சொல்லேயாகலின், அதனையே கொள்ளுதல் தக்கது.

யாப்பு

தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நூல்யாப்பு நான்காம். இந்நான்கும் இம்மென்பொருளில் அமைந்துள்ளமை வியத்தற்குரியது. இதன் உட்கரு இன்றியமையாதவற்றை மட்டும் கொண்ட தொகை. 2004 மே மாதத்துப் பதிப்பில் இடம்பெற்ற செருகுநிரல் முறை, வேண்டியவர் வேண்டியவாறு விரித்துக்கொள்ள வழிசெய்தது. உட்கருவும் செருகுநிரலும் ஒருங்கே இயங்குமிடத்துத் தொகைவிரியாயிற்று. கட்டளைச் சொற்களைப் பன்மொழியிலும் பெயர்த்துக்கொள்ள இடமுண்மையின் மொழிபெயர்ப்பும் ஆயிற்று. அவற்றைத் தமிழிலேயே காணவும் கூடும்.

தொடக்க நிலையினர் அறிய வேண்டிய உறுப்புகள் சிலவே. அவை இடுகை, பக்கம், பகுப்பு, குறிச்சொல், மறுமொழி, தோற்றம் என்பன. நாள் குறித்து வெளியாவது இடுகை. நாளோடு தொடர்பின்றி நிலைத்திருப்பது பக்கம். திருச்சிராப்பள்ளி வட்டார வரலாற்றைப் பதிவோர் ஒருவர் உளராயின், தம்மைப் பற்றிய அறிமுகத்தைப் பக்கமாகவும், அவ்வப்போது காணும் செய்திகளை இடுகைகளாகவும் அமைத்தல் வேண்டும். கல்வெட்டு, வாய்மொழி, திருவிழா என்பன பகுப்புகள். இவை நூலின் படலமும் ஓத்தும் போல ஒன்றனுள் ஒன்றாக அடங்கும். உறையூர், மலைக்கோட்டை, கொள்ளிடம் என்பன குறிச்சொற்கள். இவை நூலிறுதியிலுள்ள சொல்லடைவு போன்றவை. இவ்வேறுபாட்டை உணராது அனைத்தையும் பகுப்பாக்குதலே தொடக்க நிலையினர் செய்யும் முதற்பிழை.

2005 பிப்ரவரியில் வெளிவந்த பதிப்பு, தோற்றத்தைத் தனியே பிரித்து மாற்றும் முறையைச் செவ்விதாக அமைத்தது. எழுத்து ஓரிடத்தும் அதன் ஒப்பனை வேறோரிடத்தும் வைக்கப்படுதலின், ஒப்பனையை மாற்றினும் எழுத்துச் சிதைவதில்லை. பத்து ஆண்டு எழுதியதைப் புதிய தோற்றத்தில் ஒருநாளிற் காட்டல் கூடும். 2018 டிசம்பரில் வந்த ஐந்தாம் பதிப்பு முதலாக, பத்தி, தலைப்பு, படம் ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டங்களாக அடுக்கி எழுதும் முறை வழக்கிலுள்ளது.

தமிழில் எழுதுவோர்க்கே உரியதோர் இடர்ப்பாட்டையும் ஈண்டுச் சுட்டுதல் வேண்டும். இடுகையின் தலைப்பைக்கொண்டே அதன் இணைய முகவரியை மென்பொருள் அமைத்துக்கொள்கிறது. திருச்சிராப்பள்ளி என்னும் சொல்லில் எழுத்து ஒன்பது என்பது நம் இலக்கணக் கணக்கு. ஒருங்குறியில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் குறியும் தனித்தனியே எண்ணப்படுதலின் அது 17 குறிகளாகும். முகவரியில் ஒவ்வொரு குறியும் 9 உருக்களாக விரியுமாதலின் 153 உருக்களாகிவிடும். வேர்டுபிரசு அப்பகுதிக்கு ஒதுக்கியிருப்பதோ 200 உருக்களே. திருச்சிராப்பள்ளியோடு திருவரங்கத்தையும் சேர்த்துத் தலைப்பிட்டால் முகவரி இடையிலேயே அறுபடும். ஆங்கில எழுத்தை அளவாகக்கொண்டு வகுத்த கட்டத்தில் தமிழ் இடர்ப்படுதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. முகவரியை மட்டும் குறுக்கி எழுதிக்கொள்ளும் வசதி மென்பொருளிலேயே உண்டு. தலைப்பு தமிழிலேயே நிற்கும். அறிமுகக் கட்டுரைகள் கற்பிக்க வேண்டியவை இத்தகையனவே.

கேட்போர்

இதனைக் கற்றற்குரியார் யார்? நிரல் எழுதத் தெரிந்தவர் மட்டுமல்லர். கடிதம் தட்டச்சுச் செய்யத் தெரிந்த எவரும் ஒரு நாளில் இதனைப் பயிலக்கூடும். அவர்க்கு இரு வழிகள் உள. 2005-இல் தொடங்கிய வேர்டுபிரசு.காம் என்னும் தளத்தில் கணக்குத் தொடங்கி உடனே எழுதுதல் ஒன்று. மென்பொருளை இலவசமாகப் பெற்று, தமக்கென ஒரு தளப்பெயரும் வழங்கியில் இடமும் ஆண்டுக் கட்டணத்திற்குப் பெற்று அங்கே நிறுவிக்கொள்ளுதல் மற்றொன்று. முன்னது வாடகை வீடு போல்வது. பின்னது குத்தகை நிலத்தில் தாம் கட்டிய வீடு போல்வது. வாடகை வீட்டில் தொடங்குதல் தவறன்று. ஓராண்டு எழுதிப் பழகியபின் எல்லாவற்றையும் பெயர்த்துக்கொண்டு செல்லலாம் என்பதே திறந்த மூலத்தின் சிறப்பு. தம் இடத்தில் நிறுவுவோர் புதிய பதிப்பு வருந்தோறும் ஏற்றிக்கொள்ளுதலும், வலிய கடவுச்சொல் அமைத்தலும், வேண்டாத செருகுநிரல்களை நீக்குதலும் கடமையெனக் கொள்ளல் வேண்டும்.

கணிப்பொறியைத் தொடக்க நிலையினர்க்குத் தமிழில் அறிமுகம் செய்தோருள், திருவரங்கத்தில் வளர்ந்து திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியிற் பயின்ற எழுத்தாளர் சுஜாதா (1935-2008) முன்னிற்பவர். கருவி எங்ஙனம் இயங்குகிறது என்பதை எளிய உவமைகளால் விளக்கிக் கற்போன் அச்சத்தைப் போக்கியது அவர்தம் தனித்திறன். 2012-இல் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ், கட்டற்ற மென்பொருள்களைத் தமிழிற் கற்பிக்கும் பணியோடு அவற்றின் உரிமை நெறியையும் எடுத்துரைத்தது. முன்னதன் தெளிவும் பின்னதன் நெறியும் ஒருங்கமைந்த அறிமுக நூல்களே இன்று வேண்டப்படுவன.

நுதலிய பொருளும் பயனும்

திருவரங்கத்து வாணிவிலாச அச்சுக்கூடம் 1910-ஆம் ஆண்டளவில் சங்கரர் நூல்களை இருபது தொகுதிகளாக அச்சிட்டுப் புகழ்பெற்றது. அத்தகைய பணிக்கு எந்திரமும் எழுத்துருவும் தொழிலாளரும் பெரும் பொருளும் வேண்டப்பட்டன. இன்று ஒரு கல்லூரித் துறை தன் ஆய்விதழை வெளியிடவும், ஆசிரியர் ஒருவர் பாடக்குறிப்புகளைத் தொகுத்து வைக்கவும், மாணவர் தம் ஊரின் வழக்காறுகளைப் பதியவும் சிறு தொகையே போதும். இஃது உண்மையான பயனே. ஆயினும், வெளியிடுதல் எளிதாயிற்று என்பதனாலேயே காத்தலும் எளிதாயிற்று எனக் கொள்ளலாமா? இதற்கு விடைகாண, வேர்டுபிரசைத் திருவரங்கத்துப் பழம்பதிவு ஒன்றனோடு ஒப்பிடுதல் தகும்.

திருவரங்கம் பெரியகோயிலின் நிகழ்ச்சிகளைத் தொகுத்துக் கூறும் ‘கோயிலொழுகு’ பல தலைமுறையினர் கைப்பட வளர்ந்தது. திருப்பணி, கொடை, நிருவாக மாற்றம், படையெடுப்பால் நேர்ந்த துன்பம் ஆகியவை அதன்கண் இடம்பெற்றுள்ளன. 1961-இல் அரிராவ் அதனை ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்டார். பிற்காலத்தார் சேர்த்தும் திருத்தியும் வந்தமையின், எப்பகுதி எக்காலத்தது எனத் துணிதல் ஆய்வாளர்க்கு அரிதாயிற்று. வேர்டுபிரசோ 2008 சூலையில் வந்த பதிப்பு முதலாகத் திருத்தந்தோறும் முன்னைய வடிவத்தையும் காலத்தையும் சேமித்து வைக்கிறது. இவ்வகையில் ஒழுகினும் இது மேம்பட்டது எனலாம். ஆனால், இடுகை வெளியான நாளை எழுதுவோன் தன் விருப்பம்போல் முன்னோ பின்னோ குறித்துக்கொள்ளவும் இம்மென்பொருள் இடந்தருகிறது. ஆதலின், இடுகையின் தலையில் நிற்கும் நாளை மட்டும் நம்பிக் காலத்தை முடிவுசெய்யும் ஆய்வாளன் ஏமாறுவான்.

மற்றொரு வேறுபாடு இதனினும் பெரிது. ஒழுகு நமக்குக் கிடைத்தமைக்குக் காரணம் ஓலையின் உறுதியன்று. தலைமுறைதோறும் பெயர்த்தெழுதுவோர் இருந்தமையே. வேர்டுபிரசில் எழுதியது தளப்பெயர்க்குரிய ஆண்டுக் கட்டணம் செலுத்தப்படாவிடின் அம்முகவரியிற் கிட்டாது. வழங்கியின் கட்டணமும் நிற்பின் எழுத்தும் அழியும். எழுதியவர் மறைந்தபின் கடவுச்சொல் அறிந்தார் இலராயின் நூலும் அவரோடு மறையும். இலவச இடமளித்த சியோசிட்டீசு 2009-இல் மூடப்பட்டபோது அங்கிருந்த தமிழ்ப்பக்கங்களும் உரியவராற் பெயர்க்கப்பட்டவையும், காப்பகங்கள் நகலெடுத்து வைத்தவையுமே எஞ்சின.

ஏற்றுமதி என்னும் வசதி வேர்டுபிரசில் உண்டு. இடுகை, பக்கம், மறுமொழி, பகுப்பு அனைத்தையும் ஒரே கோப்பாக அது தரும். ஆனால் படங்கள் அக்கோப்பினுள் அடங்கா. அவை இருக்குமிடமே குறிக்கப்பட்டிருக்கும். கல்வெட்டுப் படி, பழம் புகைப்படம் ஆகியவற்றை இட்டோர் இதனை அறியாவிடின், சொல் எஞ்சிச் சான்று மறையும். ஆகவே, ஏற்றுமதிக் கோப்போடு படக்கோப்புறையையும் திங்கள்தோறும் நகலெடுத்தல் வேண்டும். நகல்களுள் ஒன்றையேனும் வேறிடத்தில் வேறொருவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை தேர்ந்தவற்றைத் தாளில் அச்சிட்டு நூலகத்திற் சேர்த்தல் வேண்டும். துறையின் பெயரால் நடக்கும் பதிவாயின், கடவுச்சொல் ஒருவர் நினைவில் மட்டும் இருத்தல் ஆகாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், வேர்டுபிரசு என்பது பி2 என்னும் முதனூலின் வழிவந்த தொகைப்பணி என்பதும், அதன் சிறப்பு விலையின்மையில் அன்றி உரிமையில் உள்ளது என்பதும், தமிழ் எழுத்தின் இயல்பறிந்து அதனைக் கையாளுதல் வேண்டும் என்பதும் போதரும். திறந்த மூலம் நமக்கு அளிப்பது பெயர்த்தெழுதும் உரிமை. பெயர்த்தெழுதும் உழைப்பை அது நமக்காகச் செய்துவிடாது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதிய மாணவர்கள் அவ்வுழைப்பின் அருமையை அறிந்திருந்தனர். இன்றைய மாணவர்க்கு இம்மென்பொருளைக் கற்பிக்கப் புகும் ஆசிரியர், முதல் இடுகையை வெளியிடக் கற்பிக்கும் அன்றே முதல் நகலை எடுக்கவும் கற்பிப்பாராக. திருவரங்கத்து வீதிகளில் இன்னும் சில முதியோர் உளர்; அவர் சொல்லக் கேட்டு எழுதப்படுவன மீண்டும் மறையாதிருத்தல் வேண்டும்.